சவுக்குத்தோப்பில் மொழிபெயர்த்த நாள்

எனக்கு வேலை உத்தரவு வந்தபோது அதை முதலில் பிரித்துப் படித்தவர் அப்பா. செங்கல்பட்டு கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். கோர்ட்டு ஆங்கிலம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்த உத்தரவில் இருந்த ஆங்கிலம் வேறு ஜாதியாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. பிளாக்குன்னு போட்டிருக்கான், எக்ஸ்டென்ஷன்னு போட்டிருக்கான். எதை எக்ஸ்டெண்ட் பண்ணணும்னு சொல்லவே இல்லையே!" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. 'கிராம சேவிகா' என்ற பதவிப் பெயர் மட்டும்தான் புரிந்தது. அம்மாவுக்கு அதுவும் புரிந்ததுபோல் தெரியவில்லை. "ஊருக்குச் சேவை செய்யறதுக்கு முன்னாடி வீட்டுல கொஞ்சம் செஞ்சு பழகிக்கோ" என்று துடைப்பத்தைக் கையில் கொடுத்தாள்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. சமூக வளர்ச்சித் திட்டம் என்று எங்கே பார்த்தாலும் பேச்சு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த என் போன்ற பெண்களைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்து, கிராமங்களுக்கு அனுப்பினார்கள். புகையில்லாத அடுப்பு கட்டுவது, கொல்லையில் கீரைப்பாத்தி போடுவது, மாதர் சங்கம் கூட்டுவது எல்லாம் கற்றுத் தந்தார்கள். கையால் செய்கிற வேலையெல்லாம் எங்களுக்குச் சுலபமாக வந்தது. பாடம்தான் ஆங்கிலத்தில் நடந்தது. ஸானிடேஷன், அமெனிட்டீஸ், ரிஹாபிலிடேஷன் என்று ஒவ்வொரு சொல்லும் வாய்க்குள் நுழைய மறுத்தது. பயிற்சி ஆசிரியர் கரும்பலகையில் ஒருநாள் 'ஃபெல்ட் நீட்' என்று எழுதினார். மக்கள் தாங்களாகவே உணர்கிற தேவை என்று அர்த்தம் சொன்னார். "நீங்க போய், உங்களுக்கு இது வேணும் அது வேணும்னு சொல்லக் கூடாது. அவங்க வாயால வரணும். வர்ற வரைக்கும் காத்திருக்கணும்" என்றார். எனக்கு அந்தச் சொல் மட்டும் பிடித்துப்போயிற்று.

என்னை மகாபலிபுரத்துக்குப் போட்டார்கள். கலங்கரை விளக்கத்துக்குப் பின்பக்கத் தெருவில், ஒரு வீட்டின் முன் அறையை எனக்கும் இன்னொருத்திக்குமாக வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தார், பிளாக் என்கிற வட்டாரத்துக்கு அதிகாரியான எங்கள் பி.டி.ஓ. அந்த இன்னொருத்தி பிரசவம் பார்க்கும் நர்ஸ். என்னைவிட வயதில் மூத்தவள். கோவளத்தில் மீன்பிடிக்கிற கிறிஸ்தவக் குடும்பத்திலிருந்து படித்து வந்தவள். ஊரில் எல்லோருக்கும் அவள் நர்ஸம்மா. எனக்கு நர்ஸக்கா.

நான் கோயில் தெருவில் பிறந்து வளர்ந்தவள். மீன் வாசனையே அறியாதவள். முதல் நாள் அவள் கொல்லைப்புறத்தில் ஒரு அடுப்பைப் போட்டுக்கொண்டு, "தோ பாரும்மே, என் சட்டி இங்க, உன் சட்டி அங்க. காத்து கடல்லேர்ந்து அடிக்கும், வாசனை மேற்கே போயிடும். நீ ஒண்ணும் பேஜார் பண்ணிக்காத" என்றாள். அப்படியே ஆயிற்று. கோவளத்திலிருந்து கால்வாய்ப் படகில் அவள் தம்பி கருவாடு கொடுத்தனுப்புவான். எனக்கு அதே படகில் ஒரு தார் வாழைப்பழமும் வரும். யாரும் சொல்லி அனுப்பியதில்லை. தானாகவே வந்தது.

பகலெல்லாம் குப்பம் குப்பமாக நடப்பேன். மண் குழைத்து அடுப்புக் கட்டுவேன். புகைபோக்கிக்கு மண் குழாய் வைத்து முதல் முதலாகப் புகை கூரைக்கு மேலே போகும்போது அந்த வீட்டுப் பெண்கள் வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்ப்பார்கள். மாலையில் கால் கழுவிவிட்டு உட்கார்ந்தால் கடல் காற்று. நல்ல உடம்பு, நல்ல பசி, நல்ல தூக்கம். என் வாழ்க்கையில் அப்படி ஒரு காலம் இருந்ததே என்று இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

தை பிறந்ததும் குருவிக்காரர்கள் வந்தார்கள். இப்போது எல்லோரும் நரிக்குறவர் என்கிறார்கள். அந்தப் பக்கத்தில் அப்போது குருவிக்காரர் என்றுதான் சொல்வோம். கால்வாய்க்குப் பக்கத்துச் சவுக்குத்தோப்பில் கூடாரம் போட்டார்கள். மாசி மகத்துக்குக் கடற்கரையில் பெரிய கூட்டம் கூடும். அந்தக் கூட்டத்தில் ஊசி, பாசிமணி விற்பார்கள். மகம் முடிந்ததும் கிராம முனிசீப் ஆள் அனுப்பி, தோப்பைக் காலி செய்யச் சொல்வார். போய்விடுவார்கள். அடுத்த தைக்கு மறுபடியும் அதே மரத்தடியில் அதே கூடாரம். ஒரு பிரசவத்துக்குக் கூப்பிட்டார்கள் என்று நர்ஸக்கா அங்கே போய் வந்தாள். அவள் பின்னாலேயே நானும் போய்ப் பழகிவிட்டேன்.

ஒருநாள் பி.டி.ஓ. என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர். எதையும் சிரித்துக்கொண்டே சொல்வார். அன்று மட்டும் சிரிக்கவில்லை.

"தில்லியிலேர்ந்து ஒரு ஆபீசர் வர்றார். நம்ம பிளாக்கைப் பார்க்கறார். சவுக்குத்தோப்புல இருக்கற நாமடிக் பீப்பிளை ஒரே இடத்துல செட்டில் பண்றதுக்கு ஒரு ஸ்கீம் எழுதி அனுப்பியிருந்தேன். அதையும் நேர்ல பார்க்கணுமாம். தமிழ் தெரியாதவர். எல்லாத்தையும் இங்கிலீஷ்ல சொல்லணும், அவர் கேக்கறதைத் தமிழ்ல சொல்லணும்."

"எப்பவும் நம்ம கிராம சேவக் ஸார்தானே ஸார் அதெல்லாம் சொல்வார்?"

"அவருக்கு அம்மை போட்டிருக்கு. எனக்கு ஆபீசரோட பேசவே நேரம் சரியா இருக்கும். தோப்புக்குப் போய்ப் பழகினது நீங்க. நீங்கதான் இண்டர்பிரட்டர்."

வீட்டுக்கு வந்ததும் நர்ஸக்காவிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "இதுக்கா மூஞ்சி இப்படிக் கீது? இன்னா இன்னா வார்த்தைன்னு சொல்லு, சேர்ந்து உருப்போடலாம்" என்றாள். பிரசவ அறை ஆங்கிலம் அவளுக்குத் தெரியும். சர்க்கார் ஆங்கிலம் அவளுக்கும் புதிது.

"நாமடிக்" என்றேன்.

"நோ மேடிக்கா? மேடுன்னா பைத்தியம். நோ மேடுன்னா பைத்தியம் இல்ல. சரியாத்தான் வெச்சிருக்கான். அதுங்கள்ல யாருக்கும் பைத்தியம் இல்ல."

"அக்கா, விளையாடாதீங்க. ஊர் ஊரா அலையறவங்கன்னு அர்த்தம்."

"அப்ப எங்க தம்பியும் நாமடிக்கு. கடல்ல எங்க மீன் கீதோ அங்கதான் போறான். சரி, அடுத்தது இன்னா?"

"ரிஹாபிலிடேஷன். மறுவாழ்வுன்னு சொல்லணும்."

"அடுத்தது?"

"ஃபெல்ட் நீட். உணர்ந்த தேவை."

அவள் கத்தியை நிறுத்திவிட்டு யோசித்தாள். "வவுறு பசிக்குதுன்றதா?"

"அது மட்டும் இல்லக்கா. மனசுக்குள்ள ரொம்ப நாளா இருக்கும். யாராவது கேட்டா வெளியில வரும்."

"எங்கூர்ல அதுக்குப் பேரு கல்யாணம்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். பயம் பாதி குறைந்தது.

ஆபீசர் வருவதற்கு முந்திய நாள் மாலை இருவரும் தோப்புக்குப் போனோம். அங்கே எல்லோருக்காகவும் பேசுகிறவள் ஒரு நடுத்தர வயதுப் பெண். கழுத்து நிறையப் பாசிமணி, கணீரென்ற குரல். அவள் கணவனும் இருப்பான், ஆனால் அவள் பேசும்போது அவன் மணி கோத்துக்கொண்டிருப்பான். நர்ஸக்காவைக் கண்டதும் கோணிப்பையை உதறிப் போட்டு உட்காரச் சொன்னாள்.

நான் ஒத்திகை பார்க்கிற மாதிரி ஆரம்பித்தேன். "நாளைக்குப் பெரிய ஆபீசர் வர்றார். உங்களுக்கெல்லாம் மறுவாழ்வு தரணும்னு சர்க்கார் நினைக்குது."

அவள் முகம் மாறிப்போயிற்று. "மறுவாழ்வுன்னா செத்தப்புறம் வர்றதாம்மா? நாங்க இன்னா பண்ணோம்? யாரையும் தொந்தரவு பண்ணலியே!"

நர்ஸக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அவசர அவசரமாக, அப்படியில்லை, வீடு கட்டித் தருவார்கள், உப்பளத்துக்கு அந்தப் பக்கம் இடம் பார்த்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அவள் மணலைக் கையால் தடவினாள்.

"வூடு வாணாம்னு சொல்லுவேனா? மழையில புள்ளைங்க நனையறப்ப நானே அழுதுகினு கெடப்பேன். ஆனா அங்க வாணாம்மா. அங்க மண்ணு பூத்து வெள்ளையாக் கீது, குடிக்கத் தண்ணி இல்ல. கட்டறதுன்னா இந்தத் தோப்பு ஓரமாக் கட்டட்டும். அதுக்கு முன்னால ஒரு கெணறு. மகம் முடிஞ்சதும் தொரத்தாம இருந்தாப் போதும்."

"இதையே நாளைக்கு ஆபீசர்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

"சொல்றேன்" என்றாள். ஆனால் அவள் குரல் அவ்வளவு கணீரென்று இல்லை.

மறுநாள் ஜீப் வந்தது. ஆபீசர் உயரமாக, ஒல்லியாக, நரைத்த மீசையோடு இருந்தார். கதர்க் கோட்டு. பி.டி.ஓ., டைப்பிஸ்ட், நான், நர்ஸக்கா எல்லோரும் நின்றோம். கிராம முனிசீப்பும் வந்திருந்தார், அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு. அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெண் கூடாரத்திலிருந்து வெளியே வந்ததும் முதலில் பார்த்தது அவரைத்தான்.

ஆபீசருடைய ஆங்கிலம் நிதானமாக இருந்தது. எனக்குப் புரிந்தது. எத்தனை குடும்பம், எந்த ஊர்களுக்குப் போகிறார்கள், பிள்ளைகளுக்கு அம்மை குத்தியிருக்கிறதா என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அவள் பதில் சொன்னாள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. நர்ஸக்கா தூரத்திலிருந்து தலையை ஆட்டி எனக்குத் தைரியம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவர் கேட்டார்: இவர்களுடைய ஃபெல்ட் நீட்ஸ் என்ன?

நான் உணர்ந்த தேவை என்றெல்லாம் சொல்லவில்லை. "உங்களுக்கு இன்னா வேணும்னு ஐயா கேக்கறாரு" என்றேன்.

அவள் முனிசீப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கையைக் கும்பிட்டு, "சர்க்காரு இன்னா குடுத்தாலும் சரிதான்" என்றாள்.

நான் அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். வேறு என்ன செய்ய முடியும்? நேற்று இப்படிச் சொன்னாள் என்று நான் சொன்னால், முனிசீப் நாளை அவளைச் சும்மா விடுவாரா? பி.டி.ஓ. சந்தோஷமாக வரைபடத்தைப் பிரித்தார். உப்பளத்துக்கு அப்பால் கோடு போட்ட மாதிரி வீடுகள். ஆபீசர் குனிந்து பார்த்தார். மொழிபெயர்ப்பு ஒழுங்காக நடந்தது, ஆனால் எதுவும் போய்ச் சேரவில்லை என்று தோன்றியது.

வெயில் ஏறிவிட்டது. ஆபீசர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் கூடாரத்துப் பக்கம் திரும்பி, புருஷனிடம் அவர்கள் மொழியில் சத்தமாக ஏதோ சொன்னாள். அதில் 'பாணி' என்ற சொல் என் காதில் விழுந்தது.

ஆபீசர் சட்டென்று தலையைத் தூக்கினார்.

குருவிக்காரர்களின் வீட்டுப் பேச்சு தமிழ் இல்லை என்று எனக்குத் தெரியும். தெலுங்கும் வேறு ஏதோவும் கலந்தது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வரைபடத்தை பி.டி.ஓ. கையில் கொடுத்துவிட்டு அவளிடம் ஏதோ கேட்டார். ஆங்கிலம் இல்லை. ஹிந்தியும் இல்லை. அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். புருஷன் தண்ணீர்ச் சொம்போடு வந்தவன் பாதியில் நின்றான். அவர் மறுபடியும் கேட்டார், மெதுவாக. அவள் பதில் சொன்னாள். இந்த முறை அவர் வாயைப் பிளந்தார்.

அவர் பம்பாய் ராஜ்யத்துக்காரர். தாய்மொழி குஜராத்தி. இவர்கள் மொழி அதற்கு ஒன்றுவிட்ட சொந்தமாம்; இரண்டிலும் தண்ணீருக்குப் பாணிதானாம். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது நாங்கள் கண்டது, தில்லி ஆபீசர் ஒருவர் கோட்டோடு கோணிப்பையில் சம்மணம் போட்டு உட்கார்ந்ததைத்தான்.

கூடாரங்களிலிருந்து எல்லோரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். சில சொற்கள் ஒத்துப்போயின, சில போகவில்லை. ஒத்துப்போகாதபோது இரண்டு பக்கமும் கையால் காட்டினார்கள். ஒரு கிழவர் மரத்தைக் காட்டினார், இவர் ஒரு பெயர் சொன்னார், கிழவர் இல்லை என்று தலையாட்டினார். நெருப்பைக் காட்டினார், இவர் சொன்னார், எல்லோரும் ஓ என்று கத்தினார்கள்.

நான் ஓரமாக நின்றேன். ஒரு வார காலம் உருப்போட்ட சொற்களெல்லாம் வாய்க்குள்ளேயே இருந்தன. யாரும் என்னைப் பார்க்கவில்லை. முதலில் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது. கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கப் போனவளை உட்காரச் சொல்லிவிட்டு அவர்களே பரிமாறிக்கொண்ட மாதிரி. அப்புறம் அந்தப் பெண்ணின் குரலைக் கவனித்தேன். கணீரென்று ஆகியிருந்தது. உப்பளத்துப் பக்கம் கையை நீட்டி, ஒரு பிடி மண்ணை எடுத்து நாக்கில் வைத்துத் துப்புவதுபோல் காட்டினாள். கால்வாயைக் காட்டினாள். கிணறு தோண்டுகிற மாதிரி கையால் செய்தாள். முனிசீப் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு அட்சரம் அவருக்குப் புரியவில்லை. எனக்கு உள்ளுக்குள் சிரிப்புப் பொங்கியது.

"உன் வேலை போச்சும்மே" என்று நர்ஸக்கா என் காதில் சொன்னாள்.

"போனாப் போகட்டும்க்கா" என்றேன்.

கடைசியில் ஆபீசரே என் பக்கம் திரும்பினார். அவர்கள் சொன்னதையெல்லாம் எனக்கும் பி.டி.ஓ.வுக்கும் ஆங்கிலத்தில் சொன்னார். முந்திய நாள் நான் கேட்டதேதான், ஒன்றும் விடாமல். கூடவே எனக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. உங்களை ஆங்கிலத்தில் நாமடிக் என்று சொல்கிறோம், அலைகிறவர்கள் என்று அர்த்தம் என்று அவர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். அவள் சொன்னதை அவர் சிரித்துக்கொண்டே எங்களுக்குச் சொன்னார். தைக்கு இங்கே, சித்திரைக்குத் திருக்கழுக்குன்றம், ஆடிக்கு மதுராந்தகம் பக்கம், மாமனார் காலத்திலிருந்து இதேதான், இதில் அலைச்சல் எங்கே, இந்த ஜீப்தான் நாளைக்கு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது என்றாளாம். அதைக் கேட்டு அதிகமாகச் சிரித்தவர் ஜீப் டிரைவர்தான்.

பி.டி.ஓ. கோபித்துக்கொள்ளவில்லை. வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, "புறம்போக்குன்னு போட்டிருந்தது ஸார், மண்ணை நான் பார்க்கலை" என்றார். உப்பளத்துப் பக்கம் எல்லோரும் போய்ப் பார்த்தோம். அவள் சொன்ன மாதிரியே வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது.

பிற்பகல் டிராவலர்ஸ் பங்களா வராந்தாவில் ஆபீசர் அறிக்கை சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடித்தார். நானும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். முதல் வரியிலேயே நாமடிக் வந்தது. அவர் நிறுத்தினார். தமிழில் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார்.

"நாடோடி" என்றேன். பிரித்துச் சொல்லச் சொன்னார். நாடு, ஓடி என்று பிரித்தேன். அவருக்கு அது பிடித்திருந்தது, ஆனால் இவர்களுக்குப் பொருந்தவில்லையே என்றார். யாரோ ஒருவர் என்னிடம் இந்த மாதிரி ஒரு சொல்லை எடுத்துவைத்து, இது சரியா என்று கேட்டது அதுதான் முதல் தடவை. நான் யோசித்து, எங்கள் ஊரில் கொக்கும் நாரையும் வருவதைச் சொல்கிற மாதிரி, பருவத்துக்கு வருகிறவர்கள் என்று சொல்லலாம் என்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதை விளக்கினேன். அவர் ஸீஸனல் ரெஸிடெண்ட்ஸ் என்று சொல்லிப் பார்த்தார். டைப்பிஸ்ட் முதல் சொல்லின் மேல் எக்ஸ் எக்ஸாக அடித்து மறைத்துவிட்டுப் புதியதை அடித்தார். அந்தச் சத்தம் எனக்கு இனிமையாக இருந்தது என்றால் சிரிப்பீர்கள்.

மறுநாள் ஜீப் ஏறும் முன் ஆபீசர் தோப்புக்குத் தானாகப் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தார் என்று டிரைவர் சொன்னார். நான் பார்க்கவில்லை.

அதோடு எல்லாம் நடந்துவிட்டது என்று நினைத்தோம். நடக்கவில்லை. சில மாதம் கழித்து மெட்ராஸிலிருந்து பதில் வந்தது. பி.டி.ஓ. என்னைக் கூப்பிட்டு, "உங்க ஸீஸனல் ரெஸிடெண்ட்ஸ் எந்தச் செலவு ஹெட்லயும் உக்கார மாட்டேங்கறாங்களே!" என்றார். நாடோடிகளுக்கு ஒரு திட்டம் இருந்தது, நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு ஒரு திட்டம் இருந்தது. பருவத்துக்கு வந்து போகிறவர்களுக்கு ஒன்றும் இல்லை. நல்ல சொல்லாகப் பார்த்துக் கொடுக்கப்போய் காரியம் கெட்டுவிட்டதே என்று எனக்கு முகம் வாடிவிட்டது.

அவர் சிரித்தார். "இருங்க. மாசி மகத்துக்கு வர்ற ஜனங்களுக்கு அமெனிட்டீஸ்னு ஒண்ணு போடலாம். திருவிழாவுக்கு வர்றவன் எத்தனை நாள் இருக்கணும்னு எவனும் கேக்க மாட்டான்."

அப்படித்தான் எழுதினார். திருவிழா யாத்திரிகர்களுக்குக் குடிநீர்க் கிணறு ஒன்றும், தங்குவதற்கு ஓடு வேய்ந்த கொட்டகை ஒன்றும். இடம், சவுக்குத்தோப்பு ஓரம். இரண்டும் சாங்ஷன் ஆயின. முனிசீப்பும் மறுக்கவில்லை. திருவிழாவுக்கென்று வருவதை யார் மறுப்பார்கள்? கிணறு பறித்தபோது அவரே நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை வாங்கினார். தன் ஊருக்கு வந்த கிணறு என்று அவருக்கும் பெருமை.

மணல் தரை. குப்பத்து ஆட்கள் தோண்டத் தோண்ட, சிமெண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினார்கள். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தண்ணீர் எப்படி இருக்குமோ என்று எல்லோருக்கும் பயம். ஊற்றுக் கண்டதும் முதலில் ஒரு சொம்பு வாங்கிக் குடித்தவள் நர்ஸக்கா. வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள். விழுங்கிவிட்டு, "எளநி தோத்துது போ!" என்றாள். சுற்றி நின்ற ஆட்கள் கைதட்டினார்கள்.

தை பிறந்தது. அவர்கள் வந்தார்கள். நானும் அக்காவும் சேதி கேட்டு ஓடினோம். அந்தப் பெண் மூட்டையை இறக்காமலே கிணற்றைச் சுற்றி வந்தாள். உறையைக் கையால் தட்டிப் பார்த்தாள். எட்டிப் பார்த்து உள்ளே ஒரு கூவல் விட்டாள். அது திரும்பி வந்ததும் பிள்ளைகளெல்லாம் வரிசையாக நின்று கூவ ஆரம்பித்துவிட்டார்கள். அவள் என்னிடம் வந்து, "எழுதினது யாரும்மா, நீயா?" என்றாள்.

"நான் இல்லை. பி.டி.ஓ. எழுதினார்."

"கெணறு வந்துட்டுதுன்னு அந்தக் குஜராத்தி அண்ணாத்தைக்குச் சொல்லும்மா" என்றாள். தில்லிக்குக் கடிதம் எழுதும் தைரியம் எனக்கு இல்லை. பி.டி.ஓ.விடம் சொன்னேன். அவர் ஏதோ ஒரு காகிதத்தின் கடைசியில் அதையும் சேர்த்து அனுப்பினார் என்று நினைக்கிறேன்.

மகம் முடிந்தது. அந்த வருஷம் யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை. கொட்டகையில் பிள்ளைக்காரிகள் தங்கிக்கொண்டார்கள். முதல் சில நாள் குப்பத்துப் பெண்களுக்கும் இவர்களுக்கும் குடத்துச் சண்டை நடந்தது. யார் முதலில் கயிறு விடுவது என்பதுதான் விவகாரம். நர்ஸக்கா இரண்டு பக்கத்திலும் பிரசவம் பார்த்தவள் என்பதால் இரண்டு பக்கமும் அவளிடம் பஞ்சாயத்துக்கு வந்தது. "இன்னா இது, மீன் மார்க்கெட்டா? கட்டுமரம் கரைக்கு வர்றதுக்குள்ள தோப்புக்காரங்க எடுத்துக்கட்டும், வந்தப்புறம் குப்பத்துக்காரங்க எடுத்துக்கட்டும்" என்று முடித்துவிட்டாள். அதன்பிறகு சத்தம் இல்லை. கொஞ்ச நாளில் இவர்கள் கயிற்றை அவர்களும், அவர்கள் குடத்தை இவர்களும் எடுத்துக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டது.

வீடுகள் அதற்கும் பல வருஷம் கழித்துத்தான் வந்தன. அப்போது நான் கூடுவாஞ்சேரிப் பக்கம் மாற்றலாகிப் போயிருந்தேன். சில குடும்பங்கள் வீடு வாங்கிக்கொண்டு தங்கிவிட்டன, சில வழக்கம்போல் ஊர்ச்சுற்றுப் போய் வந்தன, வயதானவர்களை வீட்டில் விட்டுவிட்டு. நர்ஸக்கா ரயிலேறி என்னைப் பார்க்க வந்தபோது இதைச் சொன்னாள். அந்தப் பெண் தங்கினாளா, போனாளா என்று கேட்டேன். "ரெண்டும்தான். கதவுக்குப் பூட்டுப் போட்டுட்டு கிளம்பிடுவா. தைக்கு வந்து தொறப்பா" என்றாள்.

எனக்கு ஞாபகத்தில் நிற்பது கிணறு வந்த அந்த முதல் வருஷம்தான். எங்கள் வாடகை வீட்டுக் கிணறு உப்புக் கரிக்கும். மாலையில் நானும் அக்காவும் ஆளுக்கொரு குடத்தோடு தோப்புக்குப் போவோம். அங்கே பெண்கள் எங்களை உட்கார வைத்து ஏதாவது பேசுவார்கள். ஒன்று, இரண்டு எண்ணவும், நெருப்பு, காற்று, மழை சொல்லவும் அவர்கள் மொழியில் கற்றுக்கொண்டேன். நான் தப்பாகச் சொன்னால் அவர்களுக்குக் கொண்டாட்டம். இருட்டுவதற்குள் நிறைகுடத்தோடு வீடு திரும்புவோம். கால் மணலில் புதையும், முதுகில் கடல் காற்று அடிக்கும். அக்கா வழியெல்லாம் ஏதாவது பாடிக்கொண்டு வருவாள். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டுக் காப்பி அவ்வளவு நன்றாக இருந்தது.